திசுவைத் துளைக்கும் புற்றணு: கணினித் திரையில் ஒரு முன்னோட்டம்

புதுதில்லி: புற்றுநோயால் நிகழும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் முதலில் தோன்றும் கட்டி அன்று. அக்கட்டியிலிருந்து பிரிந்து, அண்டைத் திசுக்களைத் துளைத்துக்கொண்டு, ரத்த நாளங்களை எட்டி, நுரையீரலிலும் கல்லீரலிலும் எலும்பிலும் குடியேறும் புற்றணுக்களே உயிரைப் பறிக்கின்றன. கட்டி பிறந்த இடத்திலேயே இருந்தால் அறுவைச் சிகிச்சை நிபுணரின் கத்திக்கு வேலை எளிது. அது நடக்கத் தொடங்கிய பின்னரே மருத்துவம் திணறுகிறது.

அந்த முதல் அடி எப்படி எடுத்து வைக்கப்படுகிறது? எந்தத் தடையை உடைத்துக்கொண்டு, எந்த இடைவெளியில் நெளிந்து புற்றணு வெளியேறுகிறது? நோயாளியின் உடலுக்குள் இதை நேரில் பார்ப்பது அநேகமாக இயலாத காரியம். ஆகவே, உயிரணுக்களையும் அவற்றைச் சூழ்ந்துள்ள திசுவையும் கணினிக்குள் உருவாக்கி, அங்கே அவற்றை நடமாட விட்டுப் பார்க்கும் ஆய்வு கடந்த 30 ஆண்டுகளாக உலகெங்கும் வளர்ந்து வருகிறது. இந்தியாவில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் மும்பை ஐஐடியும் இத்துறையில் குறிப்பிடத்தக்க முடிவுகளை வெளியிட்டுள்ளன.

இது ஆய்வுக்கூடத்தோடு முடிந்துபோகும் செய்தி அல்ல. புதிய மருந்துகளைச் சோதிக்கும் விதிகள், சூப்பர் கம்ப்யூட்டர்களுக்கான மத்திய அரசின் ஒதுக்கீடு, ஆராய்ச்சி நிதியை யார் பகிர்ந்தளிப்பது என்ற விவாதம் ஆகியவற்றுடன் நேரடியாகத் தொடர்புடைய விஷயம் இது.

நோயின் பரிமாணம்: இந்தியாவில் 2022-ம் ஆண்டில் ஏறத்தாழ 14.6 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் ஏற்பட்டிருக்கும் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் மதிப்பிட்டது. இந்தியர் ஒன்பது பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாக நேரிடும் என்பதும் அந்த மதிப்பீட்டில் அடங்கிய தகவல். பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் முதலிடத்தில் உள்ளது. ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயும் நுரையீரல் புற்றுநோயும் அதிகம்.

நாடாளுமன்றத்தின் சுகாதாரத் துறை நிலைக்குழு, புற்றுநோய்த் தடுப்பு, கண்டறிதல், ஆராய்ச்சி, சிகிச்சைச் செலவு ஆகியவை குறித்து 2022 செப்டம்பரில் தனி அறிக்கையே அளித்தது. புற்றுநோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவிக்குமாறு அக்குழு பரிந்துரைத்தது. எத்தனை பேருக்கு நோய், எந்தக் கட்டத்தில் அது கண்டறியப்பட்டது என்ற கணக்கே முழுமையாக இல்லாத நாட்டில் திட்டமிடல் எப்படிச் சாத்தியம் என்பதே அந்தப் பரிந்துரையின் சாரம்.

நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருவோர் இந்நாட்டில் மிக அதிகம். அதாவது, புற்றணுக்கள் ஏற்கெனவே நடந்து முடித்த பிறகு வருவோர். எனவே, "புற்றணு எப்படி நகர்கிறது" என்ற கேள்விக்கு மற்ற நாடுகளைவிட இங்கு எடை கூடுதல்.

உடலுக்குள் ஒரு வலைப்பின்னல்: மனித உடலின் உயிரணுக்கள் வெற்றிடத்தில் மிதப்பவை அல்ல. அவற்றைச் சுற்றிப் புரத இழைகளால் நெய்யப்பட்ட வலைப்பின்னல் உண்டு. தோலுக்கு உறுதியும் தசைநாருக்கு வலிமையும் தருவது இதுவே. இதில் முதன்மையான இழை கொலாஜன் என்னும் புரதம். உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான்.

இந்தக் கொலாஜனின் மூலக்கூறு அமைப்பை உலகுக்குக் காட்டியது சென்னைப் பல்கலைக்கழகம் என்பது இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி. 1952-ல் அங்கு இயற்பியல் துறைக்குப் பொறுப்பேற்ற ஜி.என். ராமச்சந்திரன், தமது சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்ற வடிவத்தை 1954-ல் முன்வைத்தார். ஆய்வுக்கான கொலாஜன் மாதிரிகள் பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தன. அந்த வடிவம் அடுத்த ஆண்டே மேலும் திருத்தப்பட்டது. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கிரிக் உள்ளிட்டோருடன் இது குறித்து அறிவியல் வாதமும் நடந்தது. எனினும், கொலாஜன் மூவிழைக் கயிறு என்ற அடிப்படை நிலைத்து நின்றது. 1970-களின் தொடக்கத்தில் ராமச்சந்திரன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்று அங்கு மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார்.

மார்பகத்தில் பால் சுரக்கும் நுண்குழாய்களைச் சுற்றி இரண்டு அரண்கள் உள்ளன. முதலாவது, லாமினின் முதலிய புரதங்களால் ஆன மெல்லிய அடித்தளச் சவ்வு. அதற்கு வெளியே கொலாஜன் இழைகள் அடர்ந்த இணைப்புத் திசு. புற்றணு முதல் அரணைத் தாண்டாதவரை நோயாளி பெரும்பாலும் காப்பாற்றப்பட்டுவிடுவார். தாண்டிவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது.

கட்டங்களில் எல்லைத் தகராறு: உயிரணுக்களின் நடமாட்டத்தைக் கணினியில் காட்டப் பல முறைகள் உள்ளன. அவற்றுள் பரவலாகப் பயன்படும் ஒன்றை 1992-ல் பிரான்சுவா கிரானர், ஜேம்ஸ் கிளேசியர் என்ற இரு இயற்பியலாளர்கள் வகுத்தனர். காந்தப் பொருள்களை விளக்குவதற்காக 1952-ல் ரென்ஃப்ரே பாட்ஸ் என்பவர் உருவாக்கிய கணித வடிவமே இதன் மூலம். காந்தத்துக்கு எழுதிய கணக்கு 40 ஆண்டுகள் கழித்து உயிரணுவுக்குப் பொருந்தி வந்தது.

இம்முறையைப் புரிந்துகொள்ள ஒரு வரைபடத் தாளை நினைத்துக்கொண்டால் போதும். தாளில் உள்ள ஒவ்வொரு சிறு கட்டமும் ஏதேனும் ஓர் உயிரணுவுக்குப் பட்டா போடப்பட்ட நிலம். ஒரே எண் கொண்ட கட்டங்கள் அனைத்தும் சேர்ந்து ஓர் உயிரணு. கணினி ஏதேனும் ஒரு கட்டத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, "இதைப் பக்கத்து உயிரணு எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்" என்று கணக்கிடுகிறது. ஒட்டுமொத்த அமைப்பின் ஆற்றல் குறையுமானால் எல்லைக்கல் நகர்த்தப்படுகிறது. ஆற்றல் கூடுமானால் பெரும்பாலும் அனுமதி இல்லை. ஆனால் முற்றிலும் மறுக்கப்படுவதும் இல்லை; குறிப்பிட்ட நிகழ்தகவின்படி எப்போதாவது அனுமதி கிடைக்கும்.

ஆற்றலைத் தீர்மானிப்பவை சில விதிகள். ஒரே வகை உயிரணுக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இறுக ஒட்டிக்கொள்கின்றன, கொலாஜனோடு எவ்வளவு ஒட்டுகின்றன, ஓர் உயிரணு தன் இயல்பான பருமனைவிட எவ்வளவு சுருங்கலாம், எவ்வளவு விரியலாம், எந்த வேதிப்பொருள் செறிந்துள்ள திசையை நாடும் என்பன போன்றவை. இத்தகைய எல்லைத் தகராறுகள் லட்சக்கணக்கில் தீர்க்கப்படும்போது, திரையில் உயிரணுக்கள் நெளிகின்றன, பிரிகின்றன, சில வேளைகளில் அணிவகுத்துப் புறப்படுகின்றன. புறப்படு என்று எந்த உயிரணுவுக்கும் யாரும் கட்டளையிடுவதில்லை. பக்கத்து வீட்டாருடனான உறவே ஊரின் போக்கைத் தீர்மானிப்பது போல, அண்டை உயிரணுக்களுடனான ஒட்டுதலே முழுக் கட்டியின் நடத்தையாக வெளிப்படுகிறது.

இந்த முறையில் இயங்கும் காம்ப்யூசெல் 3-டி என்ற மென்பொருளை அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளேசியர் குழுவினர் பராமரித்து வருகின்றனர். இது இலவசம். மூல நிரலும் எல்லாருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. சில லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம் கட்ட வழியில்லாத இந்தியப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

பெங்களூரில் நடந்த பரீட்சை: இந்திய அறிவியல் கழகத்தில் ராம்ராய் பட் தலைமையிலான குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, கணினியையும் சோதனைக் குழாயையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிறுத்தியது.

முதலில் அவர்கள் மார்பகப் புற்றணுக்களின் சிறு திரள்களை உருவாக்கி, அவற்றின் மீது அடித்தளச் சவ்வை ஒத்த படலத்தைப் போர்த்தி, அதைக் கொலாஜன் கூழுக்குள் வைத்தனர். உடலில் உள்ள இரண்டு அரண்களும் கண்ணாடித் தட்டில் அமைந்துவிட்டன. புற்றணுக்கள் எப்படி வெளியேறுகின்றன என்பதை நுண்ணோக்கி வழியே தொடர்ந்து படம் பிடித்தனர். சில தனித்தனியாகப் புறப்பட்டன. சில கூட்டமாகத் தள்ளிக்கொண்டு வந்தன.

அடுத்து அதே அமைப்பைக் கணினியில் எழுதினர. உயிரணுக்களிடையேயான ஒட்டுதல், அவை பெருகுவதும் மடிவதும், கொலாஜனை அரிக்கும் நொதிகள் சுரந்து பரவுவது, அரிக்கப்பட்ட இழை மாற்றி அமைக்கப்படுவது எனப் பல காரணிகள் அதில் இடம்பெற்றன. ஏதேனும் ஓர் அரணை நீக்கினால் சோதனைத் தட்டில் என்ன நடந்ததோ அதுவே திரையிலும் நடக்கும்வரை கணினி மாதிரி செப்பனிடப்பட்டது.

உண்மையான பரீட்சை அதன் பிறகுதான். நொதிகளின் செயலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? புரதங்களின் மீது சர்க்கரைச் சங்கிலிகள் இணைவதைத் தடுத்தால்? கொலாஜனின் அடர்த்தியை மாற்றினால்? இவற்றுக்குக் கணினி சொன்ன விடையும் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த விடையும் ஒத்துப்போயின. உயிரணுக்களிடையேயான ஒட்டுதலும், உயிரணுவுக்கும் வலைப்பின்னலுக்கும் இடையேயான ஒட்டுதலும் குறிப்பிட்ட ஓர் எல்லைக்குள் அமையும்போதுதான், தனி ஆளாகவும் கூட்டமாகவும் புற்றணுக்கள் ஒரே நேரத்தில் பரவ முடிகிறது என்பது அந்த ஆய்வின் முடிவு.

மும்பை காட்டிய மாற்றுப் பாதை: மும்பை ஐஐடியின் உயிரி அறிவியல் துறையைச் சேர்ந்த ஷமிக் சென்னும் அதே நிறுவனத்தின் கட்டடப் பொறியியல் துறையைச் சேர்ந்த மந்தார் இனாம்தாரும் இணைந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கோணத்தைத் திறந்தது. பாலமும் கட்டடமும் சுமையைத் தாங்குவதைக் கணக்கிடும் துறை புற்றுநோய் ஆய்வில் பங்கேற்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால், திசுவும் இழுவிசைக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்ட பொருளே.

இழைகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும் திசுவில், தனித்து நகரும் புற்றணுவைவிடக் கூட்டமாக நகரும் புற்றணுக்களே திறம்பட ஊடுருவுகின்றன என்று அவர்களது கணினி மாதிரி காட்டியது. திசு அடர்த்தியாக இருந்தால் அதை அரிக்கும் நொதிகளை அதிகம் சுரந்தாக வேண்டும். ஆனால், இழைகள் ஒரே திசையில் அணிவகுத்து நின்றுவிட்டால், நொதியே இல்லாமலும் புற்றணுக்கள் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடும். காட்டை வெட்டிப் பாதை போட வேண்டியவனுக்குத் தண்டவாளம் கிடைத்த கதை இது.

இதற்கு மருத்துவச் சான்றும் உண்டு. மார்பகக் கட்டியின் விளிம்புக்குச் செங்குத்தாகக் கொலாஜன் இழைகள் அணிவகுத்திருந்த நோயாளிகள் பிழைக்கும் வாய்ப்பு குறைவு என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் தெரிவித்தனர்.

மருந்து தோற்ற வரலாறு: இந்த முடிவுகள் ஏன் முக்கியம் என்பதை 1990-களின் ஒரு பெருந்தோல்வி உணர்த்தும். கொலாஜனை அரிக்கும் நொதிகளைத் தடுத்துவிட்டால் புற்றணு சிறைப்பட்டுவிடும் என்ற நம்பிக்கையில் மருந்து நிறுவனங்கள் பெரும் பொருட்செலவில் தடுப்பு மருந்துகளை உருவாக்கின. அவற்றுள் புகழ்பெற்றது மாரிமாஸ்டாட். விலங்குகளில் நம்பிக்கை அளித்த இம்மருந்துகள் மனிதர்களிடம் நடந்த இறுதிக்கட்டச் சோதனைகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. நோயாளிகளுக்குக் கடுமையான மூட்டுவலியும் தசைவலியும் ஏற்பட்டதே மிச்சம்.

பின்னர் காரணங்கள் ஆராயப்பட்டன. நோய் பரவி முடிந்த நிலையில் இருந்தவர்களுக்கு மருந்து கொடுக்கப்பட்டது ஒரு காரணம். இத்தகைய நொதிகளில் 20-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு என்பதும், அவற்றுள் சில உடலுக்கு நன்மை செய்பவை என்பதும் இன்னொரு காரணம். இவற்றுடன் மற்றொரு விஷயமும் 2003-ல் தெரியவந்தது. நொதியைத் தடுத்தால் சில புற்றணுக்கள் தங்கள் நடையையே மாற்றிக்கொண்டு, அமீபாவைப் போல உடலைக் குறுக்கி, இழைகளின் இடைவெளியில் நுழைந்து சென்றன. ஒரு வாசலை அடைத்தால் மறு வாசல் வழியே வெளியேறும் தந்திரம் அது.

அந்தத் தந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. உயிரணுவின் மற்ற பகுதிகள் எளிதில் வளையக்கூடியவை. ஆனால் உட்கரு அவ்வளவு எளிதில் நசுங்காது. இடைவெளி உட்கருவின் குறுக்குப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிட்டால், நொதியின் துணையில்லாத புற்றணு அப்படியே சிக்கிக்கொள்கிறது என்று 2013-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. மும்பை ஐஐடி குழு 2018-ல் வெளியிட்ட மற்றொரு கணினி மாதிரி, உட்கருவையும் அதைச் சூழ்ந்த பகுதியையும் தனித்தனியாகப் பிரித்து, குறுகிய இடைவெளியில் உயிரணு நுழைவதை ஆராய்ந்தது.

கணினியில் ஆயிரம் சேர்க்கைகளை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் வசதி 1990-களில் இருந்திருந்தால் அந்த மருந்துகள் வென்றிருக்கும் என்று கூறிவிட முடியாது. ஆனால், மாற்று வாசல் ஒன்று இருக்கிறது என்ற எச்சரிக்கை, நோயாளிகளின் உடலில் ஊசி ஏறுவதற்கு முன்பே கிடைத்திருக்கக்கூடும்.

விதிகளில் வந்த மாற்றம்: மருந்துச் சோதனை விதிகளிலும் இந்தச் சிந்தனை எதிரொலித்துள்ளது. புதிய மருந்துகளை விலங்குகளிடம் சோதிக்க வேண்டும் என்று 1938 முதல் நடைமுறையில் இருந்த கட்டாயத்தை அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத் திருத்தம் மூலம் நீக்கியது. விலங்குச் சோதனைக்குப் பதிலாக மனித உயிரணு சார்ந்த முறைகளையும் கணினி மாதிரிகளையும் அளிக்கலாம் என்பது அத்திருத்தம்.

இந்தியாவும் பின்தங்கிவிடவில்லை. அழகுசாதனப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பதற்கு 2014-லேயே இங்கு தடை விதிக்கப்பட்டது. 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளில் 2023-ல் செய்யப்பட்ட திருத்தம், மனிதர்களிடம் சோதிப்பதற்கு முந்தைய ஆய்வுகளில் உயிரணு வளர்ப்பு முறைகள், உறுப்புகளை ஒத்த நுண்சில்லுகள், கணினி மாதிரிகள் ஆகியவற்றுக்கும் இடம் அளித்தது.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே நுழைவதற்கான தகுதி என்ன என்பதே அடுத்த கேள்வி. ஒரு கணினி மாதிரியை நம்பலாமா, கூடாதா என்பதை முடிவு செய்ய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குக் கணிதமும் உயிரியலும் ஒருசேர அறிந்த நிபுணர்கள் தேவை. அளவுகோல்கள் தேவை. விதியை அரசிதழில் அச்சிடுவதைக் காட்டிலும் இது கடினமான பணி.

கணினி எங்கே, காசு எங்கே?: சில நூறு உயிரணுக்களை ஆட்டிப் பார்க்க மேஜைக் கணினி போதும். ஆனால், கடுகளவுக் கட்டியிலேயே உயிரணுக்கள் லட்சக்கணக்கில் இருக்கும். முப்பரிமாணத்தில், பல காரணிகளை மாற்றி மாற்றி, ஆயிரக்கணக்கான முறை ஓட்ட வேண்டுமெனில் சூப்பர் கம்ப்யூட்டர் அவசியம்.

உயர்திறன் கணினிகளை இந்தியாவுக்குத் தர 1980-களில் அமெரிக்கா தயங்கியபோது, 1988-ல் புணேயில் சி-டாக் நிறுவனத்தை மத்திய அரசு தொடங்கியது. 1991-ல் பரம் 8000 பிறந்தது. அந்த மரபின் தொடர்ச்சியாக 2015 மார்ச் மாதம் மத்திய அமைச்சரவைக் குழு ரூ.4,500 கோடி மதிப்பில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஏழு ஆண்டுகளில் 70-க்கும் மேற்பட்ட உயர்திறன் கணினி மையங்களை நிறுவுவது இலக்கு.

பத்து ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச் நிலவரப்படி நிறுவப்பட்டவை 34. அவற்றின் மொத்தத் திறன் 35 பெட்டாஃபிளாப். ஒரு பெட்டாஃபிளாப் என்பது வினாடிக்கு 10 கோடி கோடி கணக்குகள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 2022-ல் நிறுவப்பட்ட பரம் பிரவேகாவின் திறன் மட்டும் 3.3 பெட்டாஃபிளாப். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் அதே ஆண்டு பரம் பொருள் நிறுவப்பட்டது. எண்ணிக்கையில் பாதி இலக்கே எட்டப்பட்டிருந்தாலும், உள்நாட்டிலேயே வடிவமைத்த ருத்ரா வழங்கிக் கணினிகளைக் கொண்டு மூன்று இயந்திரங்கள் 2024 செப்டம்பரில் புணே, தில்லி, கொல்கத்தாவில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது முன்னேற்றமே.

இயந்திரம் மட்டும் இருந்தால் போதாது. அதை இயக்கும் ஆய்வாளருக்கு உதவித்தொகை வேண்டும். 2020-21-ல் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் இந்தியா செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே. சீனா 2 சதவீதத்துக்கும் மேல் செலவிடுகிறது. இந்நிலையை மாற்றவே 2023 ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை மசோதாவை நிறைவேற்றின. பிரதமரைத் தலைவராகக் கொண்ட ஆட்சிக் குழு இதை நிர்வகிக்கும். ஐந்து ஆண்டுகளில் ரூ.50,000 கோடி திரட்டுவது நோக்கம். ஆனால், இதில் பெரும்பகுதியான ரூ.36,000 கோடி அரசுக் கருவூலத்துக்கு வெளியிலிருந்து, அதாவது தொழில் நிறுவனங்கள், கொடையாளர்கள் உள்ளிட்டோரிடமிருந்து வர வேண்டும் என்பது ஏற்பாடு.

இங்குதான் கவலை எழுகிறது. தொழில் நிறுவனம் இன்று பணம் போட்டு நாளை பலன் எதிர்பார்ப்பது இயல்பு. கொலாஜன் இழைகளுக்கிடையே உயிரணு எப்படி நெளிகிறது என்ற கேள்விக்கு அடுத்த காலாண்டில் லாபம் தரும் விடை இல்லை. ராமச்சந்திரனின் மூவிழைக் கயிறும் யாருடைய லாபக் கணக்கிலும் வரவு வைக்கப்பட்டதன்று. அடிப்படை ஆராய்ச்சியின் சுமையை அரசு கைகழுவினால் அதைத் தோளில் ஏற்க வேறு ஆள் கிடைப்பது அரிது.

மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிலை இன்னும் மோசம். நாட்டின் மாணவர்களில் பெரும்பான்மையோர் படிப்பது அங்கே. ஆராய்ச்சி நிதி குவிவதோ மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில். கொலாஜனின் அமைப்பைக் கண்டுபிடித்தது ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் என்பதை நிதி ஒதுக்குவோர் நினைவில் கொள்வது நல்லது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதும் புதிய அறக்கட்டளையின் கடமைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டுள்ளது. அது எவ்வளவு தூரம் நிறைவேறுகிறது என்பதைத் துறைவாரியான மானியக் கோரிக்கை விவாதங்களில் உறுப்பினர்கள் கேட்டறிய வேண்டும்.

கணினியின் எல்லைகள்: இத்துறையின் பெருமையைப் பேசும்போது அதன் வரம்பையும் பேசியாக வேண்டும். கணினி மாதிரியில் இடம்பெறாத ஒன்றைப் பற்றிக் கணினியால் எதுவும் கூற முடியாது. நோய் எதிர்ப்பு உயிரணுக்கள், ரத்த ஓட்டம், நோயாளியின் வயது, ஊட்டம் ஆகிய அனைத்தையும் ஒரே மாதிரியில் அடக்குவது இன்றளவும் கனவே. இரு வேறு விதிகளைக் கொண்ட மாதிரிகள் திரையில் ஒரே காட்சியைத் தரக்கூடும். அவற்றுள் எது உடலில் உள்ள உண்மை என்பதை ஆய்வுக்கூடச் சோதனையே தீர்ப்பளிக்க முடியும். பெங்களூர் ஆய்வின் மதிப்பு, அது கணினியோடு நின்றுவிடாமல் சோதனைத் தட்டிலும் சரிபார்க்கப்பட்டதில்தான் இருக்கிறது.

மேலும், உலகெங்கும் இத்தகைய ஆய்வுகளுக்கு அடிப்படையாக இருப்பவை பெரும்பாலும் மேலை நாட்டு நோயாளிகளிடமிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன்பு எடுத்து வளர்க்கப்பட்ட உயிரணு வரிசைகள். இந்தியாவின் நோய்க்கு இந்தியாவின் திசுவே சாட்சி. பாக்கு, குட்கா மெல்லும் பழக்கத்தால் வாயின் உட்பகுதியில் கொலாஜன் அளவுக்கு மீறிப் படிந்து, திசு நார்போல் இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போகும் நோய் தெற்காசியாவில் மிகுதி. இது ஒரு பகுதியினருக்குப் பின்னர் புற்றுநோயாக மாறுகிறது. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. இறுகிய வலைப்பின்னலில் புற்றணு எப்படி வழி தேடுகிறது என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான களம் வேறில்லை. அந்தக் களம் நம்மிடம் இருக்கிறது. வேறு நாடுகள் வந்து ஆய்ந்து தரும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

அதற்குத் தேவை, புற்றுநோய் மருத்துவமனைகளில் சேகரிக்கப்படும் திசு மாதிரிகளும் நுண்ணோக்கிப் படங்களும் நோயாளியின் ஒப்புதலுடன், அடையாளம் நீக்கப்பட்டு, கணினி ஆய்வாளர்களின் கைக்குச் சேரும் ஏற்பாடு. டாடா நினைவு மையம் ஒருங்கிணைக்கும் தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் நாடெங்கும் உள்ள மருத்துவமனைகள் 2012 முதல் இணைந்து வருகின்றன. அந்தப் பாலம் மருத்துவமனைகளுக்கு இடையே போடப்பட்டுவிட்டது. அதை ஐஐடிக்களின் வாசல்வரை நீட்டிக்க வேண்டும்.

இன்றைய நோயாளிக்கு என்ன?: கணினித் திரையில் நெளியும் புற்றணு, இன்று மாவட்ட மருத்துவமனை வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு உடனடியாக எதையும் தந்துவிடாது. அவருக்குத் தேவை உரிய காலத்தில் பரிசோதனை, அருகிலேயே சிகிச்சை, கட்டுப்படியாகும் விலையில் மருந்து. மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும், 2025-26-ல் மட்டும் 200 மையங்கள் என்றும் 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு எந்த அளவுக்குச் செயலாகிறது என்பதைக் கண்காணிக்கும் பொறுப்பும் நாடாளுமன்றத்துக்கு உண்டு.

ஆயினும், ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடத் தேவையில்லை. இன்றைய நோயாளிக்கு மருத்துவமனை. நாளைய நோயாளிக்கு ஆராய்ச்சி. எந்தக் கட்டி இருந்த இடத்திலேயே அடங்கிக் கிடக்கும், எது நாளை நடக்கத் தொடங்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்தால், தேவையற்ற கடுமையான சிகிச்சையிலிருந்து சிலரையும், தாமதத்தால் வரும் மரணத்திலிருந்து பலரையும் காக்கலாம். மார்பகக் கட்டிகளைப் பொருத்தவரை மருத்துவர்கள் இன்று அதிகம் தடுமாறுவது இந்தக் கேள்வியில்தான்.

கொலாஜன் எத்தகைய கயிறு என்று 70 ஆண்டுகளுக்கு முன் உலகுக்குக் கூறிய நாடு இது. அக்கயிற்றினூடே புற்றணு எப்படி நழுவுகிறது என்பதைக் கூறும் அறிவும் இங்கு இருக்கிறது என்பதற்கு பெங்களூரும் மும்பையும் அத்தாட்சி. மருந்து விதிகளில் கதவைத் திறந்து வைத்த அரசு, அக்கதவு வழியே செல்வோருக்கு வழிச்செலவையும் தர வேண்டும். அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடரில் அறிவியல், சுகாதாரத் துறைகளின் மானியக் கோரிக்கைகள் விவாதத்துக்கு வரும்போது கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுவே.